நடுவீதியில் ஒரு குப்பை வரப்பு

என் அக்கா வீதி கூட்டும் வேலை பார்க்கிறாள். அவள் கூட்டும் வீதியில் இடதுகைப் பக்கம் எங்கள் நகராட்சி, வலதுகைப் பக்கம் பக்கத்து நகராட்சி. ஆண்டவன் இரண்டு பக்கமும் ஒரே மழையைத்தான் பெய்ய வைக்கிறான். நடுவில் கோடு போட்டது மனிதர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா அந்தக் கோடு வரைக்கும் கூட்டிவிட்டு நிறுத்திவிடுவாள். அந்தப் பக்கம் கூட்டுகிறவரை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கோட்டோடு நிறுத்திவிடுவார். இருவரும் தள்ளியது நடுவில் சேர்ந்து வயல் வரப்பு மாதிரி நீளமாகக் கிடக்கும். சைக்கிளில் போகிறவர்கள் இருவரையும் சேர்த்தே திட்டுவார்கள்.

ஒரு நாள் மீசையே கேட்டார். "ஏம்மா, இன்னிக்கு முழு வீதியும் நான் கூட்டிடறேன். நாளைக்கு நீ கூட்டு. முறை இல்லாத ஆளு பின்சந்தைப் பார்த்துக்கட்டும். என்ன சொல்றே?"

"உங்க மேஸ்திரி பார்த்தா திட்டமாட்டாராண்ணே?"

"அவரு எந்திரிக்கறதுக்குள்ள நம்ம வேலையே முடிஞ்சிடும்."

அப்படியே நடந்தது. அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத பின்சந்துகூடப் பளிச்சென்று ஆனது.

போன வருடம் இரண்டு நகராட்சிகளையும் ஒன்றாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. எல்லை வீதிகளைப் பார்க்க அதிகாரிகள் வருவார்களாம். அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீதிக்கு ஒரு ஆள் போதும் என்று இவர்களே தினமும் காட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஊர் ஒன்றானால் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்கா பிந்திச் சேர்ந்தவள். அத்தான் முதுகுவலியில் படுத்த பிறகு அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டோமேண்ணே!"

"அழாதே. அவங்க வந்து போற வரைக்கும் பழையபடி பாதி பாதி. ரெண்டு பேரும் வேணும்னு தெரியட்டும்."

வரப்பு திரும்பி வந்தது. அக்காவுக்குத்தான் நிம்மதி போனது.

"கண்ணு முன்னாடி குப்பை கிடக்குதுடி. விட்டுட்டு வர முடியல" என்பாள்.

"சாமியைக் கும்பிட்டுட்டுப் படு அக்கா."

"கும்பிட்டேன். சாமியும் கூட்டிடுன்னுதான் சொல்லுது."

அதிகாரிகள் வந்த காலையில் அத்தானுக்கு மருந்து வாங்க நானும் அந்த வழியாகப் போனேன். எங்கள் ஆணையரம்மா வரப்புக்கு இந்தப் பக்கமும் அவர்கள் ஆணையர் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். காற்றில் ஒரு காகிதத் தட்டு பறந்து வந்து ஆணையரம்மாவின் செருப்பில் ஒட்டியது. அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. துடைப்பத்தை எடுத்தாள். கோட்டைத் தாண்டி, அந்த ஊர்ச் சாக்கடை ஓரம் வரைக்கும் கூட்டிக்கொண்டே போனாள். மீசை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அது அவங்க பக்கம்மா" என்றார் ஆணையரம்மா.

"தெரியுங்கம்மா. முறை வெச்சு முழுசா கூட்டிட்டுத்தான் இருந்தோம். யாரையாவது வேலைய விட்டு நிறுத்திடுவீங்களோன்னு பயந்து விட்டுட்டோம்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மீசை தம் ஆணையரைப் பார்த்துக் கேட்டார். "ஒருத்தரை நிறுத்தினா பின்சந்தை யாருங்க கூட்டறது? நீங்களா வருவீங்க?" உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க ஐயா, நான் பேசல, மீசை பேசிடுச்சு" என்றார்.

ஆணையருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் பின்சந்துக்குப் போனார்கள். பாதி பாதி ஆரம்பித்ததிலிருந்து அங்கே யாரும் கூட்டவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருப்பது என்ற சண்டையில் இணைப்புப் பேச்சு நின்றுபோனது. ஆனால் எல்லை வீதிகளை இரண்டு ஊர் ஆட்களும் முறை வைத்துக் கூட்டலாம், யாரையும் நிறுத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஒரே வீட்டில் குடியிருந்தால்தானா, அடுத்த வீட்டோடும் நன்றாக வாழலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன்.

உத்தரவு வந்து ஒரு வாரம் கழித்து மீசை, "இனிமே பயமில்லாம சண்டை போடலாம்" என்றார்.

"எதுக்குண்ணே சண்டை?"

"நேத்து என் முறை. நீ ஏன் கூட்டினே?"