பத்துக்கு நாலு

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வயதில் வந்த நிமோனியாவை ஜெயித்தாள். பிழைக்காது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொண்டுபோனோம். எட்டாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். "உனக்கு மெஷின் எட்டாது" என்று திருப்பி அனுப்பிய சலவை ஆலைக்கு மறுநாளே ஒரு மரப்பெட்டியோடு போய், அதன்மேல் ஏறி நின்று காட்டி வேலை வாங்கினாள். அவள் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். குடித்துவிட்டுக் கை நீட்டிய கணவனை ஒரே நாளில் வெளியே அனுப்பிப் பூட்டை மாற்றினாள். சினிமா கொட்டகைக்காரர் வைத்த போட்டியில், கேள்வித்தாளைப் படிக்கத் தெரியாமலே, நூற்றுப் பதினான்கு பேரில் முதல் பரிசு வாங்கினாள். கேள்வியை நான் காதில் சொன்னேன். பதில் ஒவ்வொன்றும் அவளுடையது. எந்த நடிகை எந்தப் படத்தில் நன்றாக நடித்தாள் என்று ஆலையில் மதியம்தோறும் நடந்த வாக்குவாதத்தில் பதினோரு வருடம் அவளை யாரும் மடக்கியதில்லை.

நான் எட்டாவது வரை படித்தேன். அவள் பள்ளிக்கூடம் போனது இரண்டு மாதம். தம்பி பிறந்ததும் அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் தேவைப்பட்டது. மூத்தவள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கிறாள், இளையவள் இருக்கட்டும் என்று அப்பா முடிவு செய்தார். அதில் எனக்கு எந்தக் கஷ்டமும் வரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆலை, ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுப்பது. துவைத்துப் பிழிந்த விரிப்பு ஈரத்தோடு உருளை மெஷினுக்கு வரும். ஆள் உயர இரும்பு உருளைகள் இரண்டு, உள்ளே நீராவி. ஒரு பக்கம் நின்று இரண்டு பேர் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து நேராக உள்ளே கொடுக்க வேண்டும். மறுபக்கம் நிற்பவள் காய்ந்து வருவதை வாங்கி மடிப்பு மேஜைக்குத் தள்ள வேண்டும். என் தங்கை வாங்கும் பக்கம். கொடுக்கும் பக்கத்தில் நின்ற இரண்டு பேரில் ஒருத்திக்கு ஆலையில் 'வசனம்' என்று பெயர். எந்தப் படத்தின் வசனத்தையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். கணவன் இல்லை. ஒன்பது வயதில் ஒரு மகள்.

மதியம் ஒரு மணிக்கு மெஷின் நிற்கும். ஒன்றரைக்கு மணி அடிக்கும். அந்த அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பெண்களும் துணிமூட்டைகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டபடி சண்டை போடுவார்கள். சண்டைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு நடிகைக்காகப் பேசினால் மட்டும் போதாது, அந்தக் கட்டத்தை நடித்துக் காட்ட வேண்டும். நடித்ததற்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது என் தங்கை. அதனால் அவளுக்கு 'ஜட்ஜம்மா' என்று பெயர் வந்தது.

பெரிய சண்டை இரண்டு நடிகைகளைப் பற்றியது. அவர்களையும் பட்டப்பெயரில்தான் சொல்வார்கள். பெரியகண்ணு ஒரு படத்தில் கோர்ட்டில் நின்று நாலு நிமிடம் பேசிவிட்டு, வெளியே வந்து படியில் விழுந்து செத்துப்போவாள். ஒல்லி இன்னொரு படத்தில், கணவன் செத்த செய்தியைக் கேட்டுக்கொண்டே குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடுவாள். வசனம் பெரியகண்ணு கட்சி. என் தங்கை ஒல்லி கட்சி.

"உன் ஒல்லிக்குப் பேச வராதுடி. அதான் வாயைத் திறக்காம பொத்தானை நோண்டிட்டு இருக்கா" என்பாள் வசனம்.

"அந்தப் பொத்தானுக்கு ஓட்டை கிடைக்காம விரல் தேடுதே, அதைப் பாத்தியா நீ? மூஞ்சியை வச்சு எல்லாரும் பொய் சொல்லலாம். கையைப் பாரு. கை பொய் சொல்லாது."

"ஜட்ஜே ஒரு கட்சியில இருந்தா வழக்கு எப்படி உருப்படும்? ஒல்லிகிட்ட எவ்வளவு வாங்கினே?"

"ரெண்டு பேரும் சீக்கிரம் முடிங்கடி" என்பாள் மடிப்பு மேஜைக்காரி. "உங்க சண்டையைப் பாத்துட்டே நான் யாரோட டப்பாவைச் சாப்பிட்டேன்னு தெரியலை."

இப்படித்தான் நடக்கும். தங்கை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவாள், எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

1995 மே மாதம் 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. உருளை அறையில் சூட்டை வெளியே தள்ளும் காற்றாடி ஓடாமல் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சூப்பர்வைசரிடம் மூன்று முறை சொன்னார்கள். ஆள் வருகிறான் என்றார். அன்று மதியம் வசனம் பெரியகண்ணுவின் சாவை நடித்தாள். படிக்குப் பதில் துணிமூட்டை. என் தங்கை பத்துக்கு ஆறு போட்டாள்.

"ஆறா? போன வாரம் ஏழு குடுத்தே!"

"நீ விழறதுக்கு முன்னாடி கையை ஊனிக்கிறே. அடிபடக் கூடாதுன்னு யோசிக்கிறே. சாகப்போறவ அதையெல்லாம் யோசிப்பாளா?"

"அப்படியா? இரு, இன்னிக்கே உனக்குக் காட்டறேன்."

மணி அடித்தது. சூப்பர்வைசர் சாவி போட்டு மெஷினை ஓட்டிவிட்டார். எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். பத்து நிமிடம் வேலை நடந்திருக்கும். உருளைக்குள்ளிருந்து ஒரு விரிப்பு கோணலாக வந்தது. ஒரு ஓரம் நேராக, மறு ஓரம் சுருண்டு. என் தங்கை குனிந்து மறுபக்கம் பார்த்தாள். வசனம் கீழே கிடந்தாள். கையை ஊன்றாமல் விழுந்திருந்தாள். வலது கை விரல்கள் தரையைப் பிராண்டிக்கொண்டிருந்தன.

முதலில் மடிப்பு மேஜைக்காரி கை தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். என் தங்கையும் தட்டினாள்.

"விழுந்தது சரி" என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "ஆனா கை ரொம்ப ஓவர். யாரும் அப்படிப் பிராண்ட மாட்டாங்க. பத்துக்கு நாலு!"

சிரித்தார்கள். "எந்திரிடி, சூப்பர்வைசர் வரப்போறான்" என்றாள் ஒருத்தி. வசனத்தோடு சேர்ந்து விரிப்புக் கொடுப்பவள், இவள் எழுந்தபாடில்லை என்று காலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தாள். அதுவரை நாலு நிமிடமாவது ஆகியிருக்கும் என்று என் தங்கை சொல்கிறாள். நான் பலமுறை கேட்டுவிட்டேன், நாலுக்குக் குறைத்து அவள் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், உடம்புச் சூடு மூளைக்கு ஏறிவிட்டது என்றார். "விழுந்த உடனே தண்ணி ஊத்திக் கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்றும் சொன்னார். மாலை ஐந்து இருபதுக்கு உயிர் போனது.

மறுநாள் காலை சூப்பர்வைசர் ஒரு தாளும் மைப்பெட்டியும் கொண்டுவந்தார். "சாவு வீட்டுக்குப் போக எல்லாருக்கும் அரை நாள் லீவு. கைநாட்டு வைங்க" என்றார். பன்னிரண்டில் ஒருத்தி செத்துப்போனாள், மீதிப் பதினோரு பேர். அதில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவர்கள் இருவரையும் அன்று காலையிலேயே வேறு கிளைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்பது பேர் வைத்தார்கள்.

அந்தத் தாளில் இருந்தது என்ன என்பது ஜூன் 22ஆம் தேதிதான் தெரிந்தது. தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் விசாரணை. வசனத்தின் மகளை இப்போது வளர்ப்பது அவள் சித்தி. அவள்தான் மனு போட்டிருந்தாள். வேலையில் இருக்கும்போது செத்தவள் என்று பதிவானால் அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயது வரை மாதாமாதம் உதவி உண்டு. அதிகாரி தாளை வாசித்தார்: 'உணவு இடைவேளையின்போது, மெஷின் நின்றிருந்த நேரத்தில், மேற்படி பெண் சினிமாக் காட்சியை நடித்துக் காட்டுகையில் தானே கீழே விழுந்தாள். இதை நாங்கள் நேரில் பார்த்தோம்.' அடியில் ஒன்பது கட்டைவிரல்.

என் தங்கை எழுந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சார், அது பொய். மணி அடிச்சாச்சு. மெஷின் ஓடிட்டு இருந்தது."

"இது உன் கைநாட்டுத்தானே?"

"ஆமா சார். லீவுன்னு சொன்னாங்க."

ஆலையின் வக்கீல் சிரித்தார். "இன்னிக்கு இவங்களுக்கு யாரு என்ன சொல்லிக் குடுத்தாங்களோ."

அதிகாரி கெட்டவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "இதோ பாரும்மா. அதே விரல் அன்னிக்கு ஒண்ணு சொல்லுது, இன்னிக்கு ஒண்ணு சொல்லுது. நான் எதை எடுத்துக்கிறது? நீ சொல்றதை எழுதிக் கொண்டு வா. என் முன்னாடி நீயே படி. நீயே கையெழுத்துப் போடு. அப்ப எடுத்துக்கறேன். ஆகஸ்ட் பதினேழு."

மறுநாள் ஆலைக் கதவில் அவளை உள்ளே விடவில்லை. கைநாட்டு வைத்த மற்ற எட்டுப் பேரையும் நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். மடிப்பு மேஜைக்காரி அழுதாள், ஆனால் வரமாட்டேன் என்றாள். வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவே தங்கை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு பக்கம், இருபத்தாறு வரி. கை தட்டியதையும் மார்க் போட்டதையும் சொன்னாள். நான் தாளிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

"இது எதுக்குடி? மணி அடிச்சது, மெஷின் ஓடினது, அது போதும். உன்னை நீயே ஏன் மாட்டி விடறே?"

"அக்கா, அவ வேலை நேரத்துல விழுந்தான்னா, உடனே ஏன் தூக்கலைன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லுவே?"

அதுவரை எழுதியதை மேலிருந்து படித்துப் பார்த்தேன்.

"நாங்க நடிப்புன்னு நினைச்சோம், அதான் தூக்கலை. அதைச் சொல்லலைன்னா மத்தது ஒண்ணையும் நம்ப மாட்டாங்க. எழுது."

எழுதினேன்.

அடுத்த விசாரணைக்கு ஐம்பத்தைந்து நாள் இருந்தது. தாளை மனப்பாடம் செய்ய அவளுக்கு ஒரு மணி நேரம் போதும், சினிமா வசனம் கேட்ட காது. ஆனால் அதிகாரி நடுவில் ஒரு வரியைக் காட்டிப் படி என்றால்? அதனால் வரிகளைத் தனித்தனியாகக் கத்தரித்து, கலைத்துப் போட்டுப் படிக்கச் செய்தேன். எழுத்துகளில் ற, ர இரண்டும் அவளைப் படுத்தின. பென்சிலைத் துணி பிடிப்பதுபோலப் பிடித்தாள், இரண்டு முனை ஒடிந்தது. ஒரு வரி மட்டும் எங்கே கலைத்துப் போட்டாலும் அவளுக்கு உடனே தெரிந்துவிடும். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மற்றதைப் படிப்பாள். நான் வற்புறுத்தவில்லை. அதையும் அவள் படிக்கத்தான் வேண்டியிருந்தது, ஆனால் வீட்டில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 17 அன்று அறையில் அதிகாரி, வக்கீல், சூப்பர்வைசர், சித்தி, அந்தக் குழந்தை. குழந்தையை வெளியே உட்காரவைக்கலாமே என்றேன். சித்தி, "அவ அம்மா விஷயம், அவ கேக்கட்டும்" என்றாள்.

தங்கை நின்றுகொண்டு படித்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, விரலை வரியின்மேல் நகர்த்தி. காற்றாடி ஓடாதது. மணி அடித்தது. 'சூப்பர்வைசர் சாவி போட்டால்தான் மெஷின் ஓடும். மெஷின் ஓடாமல் விரிப்பு கோணலாக வராது.' இங்கே அதிகாரி நிமிர்ந்து சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார்.

பதினெட்டாம் வரியில் நின்றுவிட்டாள்.

"நா... நான்... பத்... பத்துக்கு..."

விரல் அந்த இடத்திலேயே இருந்தது. நகம் வெளுத்துவிட்டது.

"பிரமாதமா நடிக்கறாங்க சார்" என்றார் வக்கீல்.

என் தங்கை தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடிக்கிறதா இருந்தா நல்லாப் படிச்சிருப்பேன் சார்" என்றாள். பிறகு அந்த வரியை முழுதாகப் படித்தாள். 'நான் பத்துக்கு நாலு என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். நாலு நிமிடம் அவளை யாரும் தூக்கவில்லை.'

மீதி எட்டு வரியையும் படித்து முடித்தாள். முதலில் குழந்தைதான் கேட்டது.

"எங்கம்மா விழுந்தப்ப நீங்க கை தட்டினீங்களா?"

"ஆமா" என்றாள் என் தங்கை.

குழந்தை சித்தியின் பக்கம் திரும்பிக்கொண்டது. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அது என் தங்கையிடம் பேசியதில்லை. மாத உதவி வருகிறது என்று சித்தி மூலம் தெரியும்.

அதிகாரி நடுவில் இரண்டு வரிகளைக் காட்டிப் படிக்கச் சொன்னார். படித்தாள். அவர் தன் விசாரணைக் குறிப்பை எடுத்து, 'உணவு இடைவேளையின்போது' என்று எழுதியிருந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, 'பணி நேரத்தில்' என்று மேலே எழுதினார். பழக்கத்தில் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு என்னிடம் பேனாவை வாங்கி, தான் படித்த தாளின் அடியில் கையெழுத்துப் போட்டாள். அவள் பெயரில் ஐந்து எழுத்து. மூன்றாவது எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, மற்ற நாலும் நேராக இருந்தன. கீழே தேதியையும் அவளே போட்டாள்: 17-8-1995.