கூப்பிட்டால்தான் உள்ளே வருவான்

நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த முதல் ஆங்கிலப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. கடைசிப் பக்கமும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாக்கியமே பொய்யாகிவிடும்.

அது எங்கள் வீட்டுக்கு எடைக் காகிதமாக வந்தது. ஆமத்தூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்போது வெடிக்குழாய் சுற்றும் வேலை நடந்தது. வெடிமருந்து அடைப்பதெல்லாம் பட்டாசுக் கம்பெனியோடு சரி, வீட்டுக்கு வருவது வெறும் காகிதமும் கம்பியும்தான். தாளில் மைதாப் பசை தடவி, கம்பியில் வைத்து உருட்டி, கம்பியை உருவினால் ஒரு குழாய். மேல்சுற்றுக்குப் பழுப்புத் தாளைக் கம்பெனியே கொடுக்கும். உள்சுற்றுக்குப் பழைய பேப்பர், பரீட்சைத் தாள், வெளிநாட்டிலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கும் விற்காத புத்தகங்கள், எது கிடைத்தாலும் சரி.

அந்தக் கோடை விடுமுறையில் வந்த கட்டில் அப்படி ஏழெட்டுப் புத்தகங்கள் இருந்தன. எல்லாமே சிறுகதைத் தொகுப்புகள், எல்லாக் கதையும் ஒரே ரகம். பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி. அவளைக் காதலிக்கும் ஒருவன், பார்க்க நன்றாக இருப்பான், ரத்தம் குடிப்பான். நான் விருதுநகரில் பி.ஏ. ஆங்கிலம் முதல் வருடம் முடித்திருந்தேன். பாடத்தில் வரும் ஆங்கிலம் எனக்குக் கல்லைக் கடிப்பதுபோல் இருந்தது. இந்த ஆங்கிலம் மட்டும் எப்படியோ புரிந்தது. புரிந்த கர்வத்தில், குழாய் சுற்றிக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒரு கதையைத் தமிழில் சொன்னேன். மறுநாள் அம்மாவும் கேட்டாள். அதற்கு அடுத்த நாள் எதிர்வீட்டு மதினி தன் கம்பியையும் பசைக் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு எங்கள் புறவாசல் சாய்ப்புக்கே வந்துவிட்டாள்.

"ரத்தம் குடிக்கிறதுன்னா ரத்தக்காட்டேரியா? காட்டேரி பொம்பளையில்ல?" என்றாள் மதினி.

"இது ஆம்பளக் காட்டேரி மதினி. அழகா இருப்பான்."

"வயசு?"

"எரநூறு. ஆனா பாத்தாத் தெரியாது. பன்னெண்டாங் கிளாஸ் படிக்கான்."

"எரநூறு வயசுல பன்னெண்டாங் கிளாஸா? எம்புட்டுத் தடவடி பெயிலாவான்!"

அம்மாவுக்குக் கவலை வேறு. ரத்தம் குடிக்கிறவன் என்று தெரிந்தும் ஒருத்தி பல்லைக் காட்டிக்கொண்டு அவன் பின்னால் போகிறாளே, அவளைப் பெற்றவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்பாள். அவன் கை எப்போதும் ஜில்லென்று இருக்கும் என்று நான் சொன்ன அன்று மட்டும் அவளே முந்தானையால் விசிறிக்கொண்டு, "இந்த வெயிலுக்கு அப்படி ஒருத்தன் வந்தா நல்லதுதான்" என்றாள். மே மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. யாரும் மறுத்துப் பேசவில்லை.

இந்தக் கதைகளில் என்ன இருக்கிறது என்று படித்தவர்கள் சிலர் பின்னாளில் என்னிடம் முகம் சுளித்ததுண்டு. சுளிக்கட்டும். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு சுளிப்பது சுலபம். எங்கள் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான இலக்கியம் கிடையாது. நாவலாக இருந்தால் பாதிப் புத்தகம் குழாய்க்குள் போன பிறகு மீதிக் கதையை எங்கே தேடுவது? சிறுகதை என்றால் ஒரு கட்டு உருட்டி முடிப்பதற்குள் முடிந்துவிடும். முடிந்த கதையின் தாளை மறுநாள் பசை தடவிச் சுற்றிவிடலாம். மறுநாள் வேறு பெண், வேறு ஊர், அதே மாதிரி ஒருவன். ஒன்றுபோலவே இருக்கிறதே என்று ஒருவரும் அலுத்துக்கொள்ளவில்லை. ஒன்றுபோல இருப்பதற்காகத்தான் கேட்டார்கள். ஒரு பிடித்த குழம்பை மறுபடி வைக்கச் சொல்வதில் என்ன தப்பு?

அந்தக் கதைகளில் ஒரு விதி இருந்தது. வீட்டுக்குள்ளே இருப்பவர்கள் வா என்று கூப்பிட்டால் ஒழிய அவனால் படி தாண்ட முடியாது. கதவு திறந்தே கிடந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். இதை முதலில் சொன்னபோது மூன்று பேருடைய கையும் ஒரு நிமிடம் நின்றது. ஆச்சரியமில்லை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று கேட்காவிட்டால் அவ்வளவுதான். வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் பெரியப்பா வீட்டோடு எட்டு வருடம் பேச்சு இல்லாமல் போனதற்கு, அம்மா அடுப்படியில் இருந்ததால் விட்டுப்போன ஒரு 'வாங்க'தான் காரணம். அப்படிப்பட்ட ஊரில், அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு ரத்தக்காட்டேரி வாசலில் காத்திருக்கிறது என்றால் அது கதையாகவே தோன்றவில்லை.

அக்காதான் அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அவ கூப்பிடாட்டி?"

"வெளியதான் நிப்பான்."

"எம்புட்டு நேரம்?"

"அவனுக்குத்தான் சாவே கெடையாதே. நிப்பான்."

ஒரு குழாயை உருட்டிக் கம்பியை உருவிவிட்டு, "அவ்வளவு பலம் இருந்தும் அவளக் கேட்டுட்டுத்தான் வாரான், பாரேன்" என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அக்கா பிறந்தபோதே அவள் அத்தை மகனுக்கு என்று பேசிவிட்டார்கள். தீபாவளி லோடெல்லாம் போன பிறகு தை மாதம் கல்யாணம், அதற்கு முன்னால் ஆனியில் பூ வைத்து நிச்சயம் செய்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அப்பா சொன்னார், அத்தை சரி என்றாள், ஜோசியர்கூடச் சரி என்றார். அக்காவை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பெரிய வார்த்தையாகிவிடும். அவரைக் கட்டிக்கொள்ளும் நினைப்பு அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான். எட்டாவதோடு நிறுத்திய படிப்பைத் தொடர வேண்டும், தையல் கற்க வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மச்சான் கெட்டவர் இல்லை. அச்சங்குளத்தில் ஒரு கம்பெனியில் லோடு வண்டி ஓட்டினார். விருதுநகருக்கு வண்டி வரும் நாளெல்லாம் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு நிலைப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. செருப்பை ஒரு மூலைக்கு ஒன்றாகக் கழற்றிவிட்டு, தானே பானையில் தண்ணீர் மொண்டு குடித்து, தானே மின்விசிறியைப் போட்டு, நடு அறையில் படுத்துவிடுவார். தாய்மாமன் வீடு, நாளைக்கு மாமனார் வீடு. அவர் ஏன் கேட்க வேண்டும்? எனக்கு எரிச்சலாக வரும். அக்கா எழுந்து புறவாசலுக்குப் போய்விடுவாள்.

நடு அறைக்கும் புறவாசல் சாய்ப்புக்கும் நடுவில் ஒரு சன்னல்தான். அவர் தூங்குகிறார் என்று நினைத்து நான் கதை சொல்லிக்கொண்டிருப்பேன். ஒருநாள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏ பிள்ள, நேத்து அந்தப் பய மழையில நின்னானே, கூப்பிட்டாளா இல்லையா?"

மதினி சிரித்த சிரிப்பில் பசைக் கிண்ணம் கவிழ்ந்தது. "கூப்பிட்டா மச்சான்" என்று நான் சொன்னேன். "ம்" என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு குறட்டை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அத்தனை புத்தகத்திலும் அந்த விதி வந்தது இரண்டே கதைகளில்தான். மற்ற கதைகளில் அவன் சன்னல் வழியாக வந்தான், மாடிப்படி ஏறி வந்தான், கேட்காமலே வந்தான். எனக்கு அது பிடிக்கவில்லை, கேட்டவர்களுக்கும் பிடிக்காது என்று தெரியும். அதனால் எல்லாக் கதையிலும் நானே ஒரு வாசல் வைத்து, எல்லோரையும் வெளியே நிற்க வைத்தேன்.

ஆனி பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை வீட்டிலிருந்து பூ வைக்க வந்தார்கள். வேனில் அத்தை, மாமா, உறவுக்காரர்கள் நாலைந்து பேர். மச்சான் மட்டும் பின்னால் பைக்கில். அக்கா பச்சைப் பட்டுச்சேலையில் நிலைப்படிக்கு உள்ளே நின்றாள், நான் பக்கத்தில். "வாங்க அத்தை", "வாங்க மாமா", "வாங்க சித்தி" என்று ஒருவர் விடாமல் கேட்டாள். குரல் நன்றாகவே இருந்தது. கடைசியாக மச்சான் வந்தார். வெள்ளைச் சட்டை, செருப்பு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓரமாகக் கழற்றினார். அன்றைக்குத்தான் அவர் அப்படிச் செய்து பார்த்தேன். படிக்கு வெளியே நின்று அக்காவைப் பார்த்தார். அக்கா வாயைத் திறக்கவில்லை.

"என்னப்பா அங்கன நின்னுட்ட, உள்ள வா" என்றார் அப்பா.

"வாங்க தம்பி" என்றாள் அம்மா.

"ஏலே, வெயில்ல என்னலே வேடிக்கை?" என்றாள் அத்தை, பூத்தட்டை மடியில் வைத்தபடி.

"இருக்கட்டும்மா" என்றார் மச்சான். "அவ சொல்லட்டும்."

அத்தைக்கு இது செல்ல விளையாட்டாகத் தோன்றியது. சித்தி ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கதை கேட்டிருந்தும் அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. அவர் என்ன செய்கிறார் என்று அந்த வீட்டில் தெரிந்தது மூன்று பேருக்கு: அவருக்கு, அக்காவுக்கு, எனக்கு. இருபத்து நான்கு வருடத்தில் அவளை முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். நான் அக்காவின் விரலைத் தொட்டேன். ஈரமாக இருந்தது.

அக்கா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவ்வளவு நேராக அவரை அவள் பார்த்ததே இல்லை.

"வெயில்ல நிக்காதீக மச்சான்" என்றாள். "வேப்பமரத்து நெழல்ல போய் நில்லுங்க."

கோபம் துளியும் இல்லாமல், அக்கறையோடுதான் சொன்னாள். உள்ளே சிரிப்பு நின்றுபோனது. அத்தை தட்டை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். அப்பா அக்காவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். மச்சான் தலையை ஆட்டிவிட்டு, திரும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, அவள் சொன்னபடியே தெருவோரத்து வேப்பமரத்தடிக்குப் போய் நின்றார்.

வந்தவருக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியாது. யாரும் எழுந்திருக்காததால் நான் ஒரு தம்ளரில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஊதி ஊதி முழுவதையும் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஏ பிள்ள" என்றார், "நீ சொன்ன கதை அம்புட்டுலயும் கடைசியில கூப்பிட்டுருவாளே."

சொன்ன கையோடு பைக்கில் ஏறிவிட்டார். கிளப்புவதற்கு முன்னால் வீட்டைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எம்மா, எனக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டமில்ல. பூவ எடுத்துட்டுக் கெளம்பு" என்று கத்தினார். அன்றைக்கு ஊர் முழுக்கத் திட்டியது அவரைத்தான். அக்காவை ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா மட்டும் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை, பிறகு பேசினார். அக்கா அடுத்த வருடம் தையல் படித்து, தனியாகப் பத்தாவது எழுதித் தேறினாள்.

மறுநாள் மத்தியானம் குழாய் சுற்ற உட்கார்ந்தோம். மதினி கதை கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, மீதியிருந்த புத்தகங்களை நானே கிழித்து அடுக்கினேன். அவர் சொன்னது சரிதான். நான் சொன்ன ஒரு கதையிலும் அவனை வெளியே நிற்கவிட்டுக் கதவைச் சாத்தவில்லை. புத்தகத்தில் சில கதைகளுக்குக் கடைசித் தாள் இல்லை. நான் படிப்பதற்கு முன்பே அது குழாய்க்குள் போயிருந்தது. அந்தக் கதைகளில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்பவர்கள் மனம் வாடுமே என்று, அவற்றிலும் அவளை வா என்று சொல்ல வைத்தது நான்தான். சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் படுத்தபடி அதை நம்பிக்கொண்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.