ஆட்காட்டி முட்டையிட்ட கோடை

சிவப்புத் துணி கட்டிய மூங்கில் குச்சி, அதன் உச்சியில் ஒரு காக்கை. முசியேவை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் கண்ணில் வரும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர்; அதனால் பிரெஞ்சுக்காரர் 'ஐயா'வுக்குச் சொல்கிற 'முசியே'யைப் போட்டுத்தான் அவரைக் கூப்பிடுவோம். உழவர்கரைப் பக்கம் நான் மாடு பார்த்த பண்ணைக்கு, சுனாமிக்கு அடுத்த கோடை முழுக்க விடியலில் சைக்கிளில் வருவார். பறவை பார்ப்பதுதான் அவருக்கு வேலை. குப்புறப் படுத்துக்கொண்டு பைனாகுலரில் மணிக்கணக்காகப் பார்ப்பார். உதிர்ந்த இறகு, உடைந்த முட்டை ஓடு, செத்த குருவி, எது கிடைத்தாலும் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டுக்கொண்டு, எந்த இடம், என்ன நேரம் என்று நோட்டில் எழுதுவார்.

அந்த வருஷம் புல்வெளியில் ஆட்காட்டிக் குருவி நாலு இடத்தில் முட்டையிட்டிருந்தது. அது கூடு கட்டாது; வெறுந்தரையில் கல்லோடு கல்லாக இட்டுவைக்கும். இடம் தப்பக்கூடாதென்று முசியே ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டார். ஒரே வாரத்தில் மூன்று இடத்து முட்டை காணாமல் போய்விட்டது.

"உன் மாடுதாம்மா மிதிச்சிருக்கு. மொதலாளிகிட்ட சொல்லி இந்தப் பக்கம் மாடே விடாம பண்ணணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு மாடு. அந்தக் கோடையில் அங்கே தவிர வேறெங்கும் புல் கிடையாது. அதைவிட, செய்யாத தப்புக்கு என் மாட்டைப் பழிசொன்னது பொறுக்கவில்லை. "மாடு கிட்ட போனா அந்தக் குருவி றெக்கைய விரிச்சிக்கினு மூஞ்சிக்கு நேரா நிக்கும். மாடுதான் பயந்து சுத்திக்கினு போவும். மிதிச்சிருந்தா ஓடு கெடக்கணும்ல, முசியே? காட்டுங்க பாப்போம்" என்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று பகல் முழுக்க முட்டை மிச்சமிருந்த ஒரே இடத்துக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிவெயிலில் ஒரு காக்கை வந்து அதன்மேல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தது. ஓடிப்போய் விரட்டினேன். நல்ல கூத்து! காக்கைக்கு இலை போட்டு இடம் காட்டியதே அந்தக் குச்சிதான். பிடுங்கி எறிந்தேன். முட்டையிலிருந்து கிழக்கே பத்து எட்டு வைத்து, அடையாளத்துக்கு ஒரு காய்ந்த சாணியைப் போட்டேன். மாடு மேய்கிற தரையில் சாணியை எந்தக் காக்கை சந்தேகப்படும்?

மறுநாள் முசியே கத்தினார். "யாரக் கேட்டும்மா புடுங்குன?"

"காக்காவக் கேட்டுத்தான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு விவரம் கேட்டார். பிறகு வேப்பமரத்தடியில் பைனாகுலரோடு உட்கார்ந்தார். காலியான மூன்று குச்சியிலும் காக்கை ஒவ்வொன்றாக உட்கார்ந்து தேடியதை அவரே பார்த்தார். எழுந்துபோய் மூன்றையும் பிடுங்கினார். மாட்டைத் தடுக்கும் பேச்சே பிறகு வரவில்லை.

சாணி அடையாளம் வைத்த இடத்தில் இருந்த நாலு முட்டையும் பொரித்தன. குச்சிக்காலில் பஞ்சு உருண்டை ஓடுகிற மாதிரிக் குஞ்சுகள், மாடுகளுக்கு நடுவிலேயே ஓடின. முசியே ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் வைத்தார்.

இன்று அந்தப் புல்வெளியில் மாடிவீடுகள். முசியேவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நோட்டு எந்த அலமாரியில் கிடக்கிறதோ. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குஞ்சு பொரித்த அன்றைக்கு நான் அவரை விடவில்லை. "மாடு மிதிக்கலன்னு எழுதுங்க" என்றேன். எழுதினார். இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். அப்புறம் நோட்டை வாங்கி, எனக்குத் தெரிந்த ஒரே எழுத்தான 'மா'வைத் தேடி, விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.