விலைபோகாத நிலம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் கேட்கப்போவது, அந்த நிலம் என்ன ஆயிற்று என்பதுதான். அப்பா மறைந்து ஓராண்டாகியும் எங்களிடம் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே மகளாகிய நான் அதையே எழுதிவிடுகிறேன்.

வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. மழை பொய்த்து, படிப்பு பாதியில் நின்று, இளவயதிலேயே ஆம்பூருக்கு வந்து ஒரு தோல் தொழிற்சாலையில் சேர்ந்தார். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் தொடங்கி மேஸ்திரி வரை உயர்ந்தார். தனக்குக் கீழே இருந்தவர்களை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. வாடகை வீடு மாறி மாறி அம்மா அலுத்துப்போனதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஓய்வு பெற்றதும் ஊரில் தன் பங்கு நிலத்தை விற்று, பி.எஃப். பணத்தையும் சேர்த்து, வாணியம்பாடி சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு நிலம் வாங்கினார். அதை மனைகளாகப் பிரித்து லாபத்துக்கு விற்பது, அந்த லாபத்தில் மூலை மனையில் அம்மாவுக்கு வீடு கட்டுவது. இதுதான் திட்டம்.

நிலம் பார்க்கப் பெண்களை அழைத்துப்போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. யோசனை கேட்பதற்காக, உடன் வேலை செய்த தோழர்கள் இருவரை அப்பா அழைத்துப்போனார். மூவரும் நடுநிலத்தில் நின்று, நல்ல காற்று என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். கிரயம் முடிந்தது.

பூமி பூஜையன்று ஆட்டோவை விட்டு இறங்கிய அம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நிலத்துக்குப் பின்னால் தோல் கழிவுநீர் ஓடும் கால்வாய் இருந்தது.

"நாத்தம் கொடலப் பொரட்டுது. உங்களுக்குத் தெரியலயா?"

"இன்னா நாத்தம்?" என்றார் அப்பா. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். தொட்டிகளோடு காலம் கழித்த அவருக்கு அது வாடையாகவே படவில்லை. தோழர்களுக்கும் அப்படித்தான். மூன்று பேர் போயும் ஒரு மூக்கு கூடப் போகவில்லை என்று அத்தை இன்றும் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

பக்கத்து நிலத்துக்காரர், காற்று எதிர்ப்பக்கம் வீசும் விடியற்காலை வேளையில் ஆட்களைக் கூட்டிவந்து, தம் மனைகளை எல்லாம் நல்ல லாபத்துக்கு விற்றுவிட்டார். அப்பாவையும் அப்படியே செய்யச் சொன்னார் தரகர். அப்பாவோ நாற்றம் ஏறும் மாலையில்தான் வரச்சொல்வார். வந்தவர்களிடம், "எனக்கு மூக்கு வேல செய்யாதுங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்பார். அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். வருகிற பார்ட்டியை நீங்களே விரட்டினால் எப்படி என்று அலுத்துக்கொண்டு தரகரும் விலகினார். அப்பாவை நாணயஸ்தர் என்று ஊர் புகழ்ந்தது. அந்தப் புகழை வைத்து ஒரு செங்கல் கூட வாங்க முடியவில்லை.

ஆனாலும் மனைக்கற்களுக்கு அப்பா வெள்ளையடித்துக்கொண்டே இருந்தார். பிறகு நுரையீரல் கெட்டது. வேலூர் மருத்துவமனையில் படுத்த நிலையிலும், "யாராச்சும் பாக்க வந்தாங்களா?" என்பார். அவர் கேட்டது தன்னைப் பார்க்க வந்தவர்களைப் பற்றி அல்ல.

சொந்த நிலத்தில் அடக்கம் செய்வது எங்கள் குல வழக்கம். ஊர் நிலம் கைமாறிவிட்டதால் மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். சமாதி வந்துவிட்டால் மனை எதுவும் இனி விலைபோகாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள்.

"இப்ப மட்டும் போவுதா?" என்றார் அம்மா.

வீட்டுக்கென்று வைத்திருந்த மூலை மனையிலேயே அப்பாவை வைத்தோம். அம்மா இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். இனி அது மாறும் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மருத்துவமனையில் துணையிருந்தவர்களுக்கும், இறுதிச் சடங்குக்கு வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அன்று நீங்கள் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நின்றதை யாரும் தவறாக நினைக்கவில்லை. அந்த நாற்றத்தில் வேறு எப்படி நிற்க முடியும். அப்பாவின் தோழர்கள் இருவர் மட்டும் குழியருகே கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். மண் தள்ளி முடித்ததும் ஒருவர் குனிந்து அப்பாவிடம் சொன்னார்: "நல்ல காத்துப்பா இங்க."

அவர்கள் இருவருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.