வெட்டிய பேர்

சின்னசேலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் செல்போனில் ஏதோ பாஷை படித்துக்கொண்டு வந்தாள். 'பான்யோ' என்று காதில் விழுந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அந்தப் பெண் மேல் என்ன தப்பு? பழைய கோபம், யார் மேலாவது பாயப் பார்க்கிறது.

எஸ்பெராண்டோ. உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கிய பாஷை. அதைக் கள்ளக்குறிச்சியில் படித்தேன் என்றால் சிரிப்பீர்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில், ரிப்பன் மை வாசனைக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமைகளில் சார் சொல்லிக்கொடுத்தார். பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும். 'போனா' என்றால் நல்ல. முன்னால் 'மால்' சேர்த்தால் கெட்ட. "இதுல மேல கீழ இல்ல, எல்லாருக்கும் ஒரே விதி" என்று வாய்கிழியச் சொல்வார்.

செல்லப்பேரில் மட்டும் அந்த ஒழுங்கு கொஞ்சம் தளரும். அம்மா 'பாத்ரீனோ', கொஞ்சினால் 'பான்யோ'. பேரை எந்த இடத்தில் வெட்டி 'ன்யோ' ஒட்டுவது என்பது கூப்பிடுகிறவர் இஷ்டம். ஒரு ஞாயிறு, எதிரில் இருப்பவர் பேரை அப்படி வெட்டச் சொன்னார் சார். மளிகைக்கடைக்காரர் மகன் ஒரு பெண்ணின் பேரை வெட்டினான். சாரும் சேர்ந்து சிரித்தார்.

எனக்கு எதிரில் அண்ணாமலை. கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவன். "வெட்டலாமாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினான். என் பேரில் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு 'ன்யோ' சேர்த்தான். எனக்குப் பிடித்திருந்தது. அவனையும் பிடித்திருந்தது, இப்போது சொல்வதற்கு என்ன?

சார் முகம் மாறிவிட்டது. "இன்னாடா, யாரைக் கொஞ்சிக்கினு இருக்கிற? மலையில இருந்து எறங்கி வந்துட்டா எல்லாம் ஒண்ணாயிடுமா?"

"நீங்க சொன்ன விதிதானுங்க சார்."

"விதி இருக்கும். உனக்கில்ல. எழுந்து போ."

"மளிகைக்கடைப் பையனுக்கு மட்டும் இருக்குதா சார்?" என்று நான் எழுந்துவிட்டேன். சாயங்காலம் சார் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொன்னார். டைப்பிங் நின்றது, ஞாயிறு வகுப்பு நின்றது. தை பிறந்ததும் எனக்குக் கல்யாணம். அண்ணாமலையை அதன் பிறகு நான் பார்க்கவேயில்லை.

போன வருஷம் சார் செத்துப்போனார். ஊரே மாலையோடு போனது, நான் போகவில்லை. இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்தில் செல்போன் கடை. மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயின; போகட்டும், அதற்கெல்லாம் நான் அழ மாட்டேன். அம்மா, அத்தை, மேடம் என்று என்னைக் கூப்பிட ஆள் நிறைய இருக்கிறது. அவன் வெட்டிய பேரை இங்கே எழுத மாட்டேன். ஒரே ஒரு தடவைதான் அதை ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.