பத்திரம் எழுத மறுத்தவர்

அன்னவாசலில் மூன்று கடை, ஓர் அரிசி மில், மாடி வீடு. எல்லாம் மூன்றாம் வகுப்போடு நின்ற நான் கட்டியவை.

அறுபதுகளில் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு நிலத்தைக் கிரயம் பேசி முடித்தேன். பத்திரம் எழுதுபவர் பேனாவை மூடிவிட்டார்.

"கோயில்ல மேளம் வாசிக்கிறவங்களுக்கு விட்ட மானிய நிலம் மாதிரி தெரியுது. நான் எழுதமாட்டேங்க."

"வேற ஆளுக்கு முடிக்கப் பாக்குறீரா? எவ்வளவு வாங்குனீரு?" என்று எல்லோர் முன்னும் கேட்டேன்.

"தாலுகா ஆபீசுல கேட்டுட்டு வந்து திட்டுங்க."

அவர் குட்டை உடைக்கத்தான் போனேன். குமாஸ்தா பதிவேட்டைப் படித்தார். மானியமேதான், விற்கவே முடியாதாம். வாங்கியிருந்தால் என் பாதி வாழ்க்கை போயிருக்கும்.

திரும்பி வந்து தலைகுனிந்து நின்றேன்.

"உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார் அவர்.

அவரைத் திருடனாக நினைத்தது இன்றும் உறுத்துகிறது. அவரால் பிழைத்தேன் என்று ஊர் சொல்வது சரிதான். ஆனால் சந்தேகப்பட்டு ஆபீஸ்வரை நடந்தவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.