கொட்டக் கூடாத தண்ணீர்

முத்துப்பேட்டையில் என் மருந்துக்கடைக்கு எதிர்வீடு நூர்ஜஹான் லாத்தாவுடையது. தூரத்து உறவில் எனக்கு அக்கா முறை. கழுவிக் கவிழ்த்த டம்ளரை மறுபடி கழுவித்தான் தண்ணீர் தருவார். சுத்தக்காரி என்று கேலி செய்வோம். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் கணவர் ஜெக்கரியா காக்கா தம்மாமில் இருபத்து நான்கு வருடம் லாரி ஓட்டினார். விடுமுறை மாதங்களை எல்லாம் கூட்டினாலும் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது நாலு வருடம் தேறாது. ஊரோடு வந்தபோது குறட்டையும் கூடவே வந்தது. சவூதி லாரியை வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் என்று லாத்தாவே சிரிப்பார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னபிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

துபாயிலிருந்த மகன் இர்பான் மெஷின் அனுப்பினான். மூக்குக்கு ஒரு மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், காற்று வறளாமல் இருக்கச் சின்னத் தண்ணீர்த் தொட்டி. அவன் போனில் சொன்னதை லாத்தா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். மாஸ்க்கைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தணும், டெட்டால் கூடாது. தொட்டியில் மிஞ்சியதைக் காலையில் கொட்டிக் கழுவணும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றணும்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் என் கடைக்கு வந்தார். என்னிடம் ஸ்டாக் இல்லை. இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அது பேட்டரிக்கு ஊத்துற தண்ணி லாத்தா. இன்வெர்ட்டர் கடையில கேட்டுப் பாருங்க."

மூச்சுக்குத் தவிக்கிற மனுசனுக்குப் பேட்டரித் தண்ணியா என்று முகம் சுளித்துப் போனார். இர்பான் உம்ரா போய் வந்தபோது மக்காவின் புனிதக் கிணற்றிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீர் ஒரு கேன் வீட்டில் இருந்தது. லாத்தா அறிந்த தண்ணீரிலேயே தூய்மையானது அதுதான். பிஸ்மில்லா சொல்லித் தொட்டியில் ஊற்றினார்.

ஊற்றியதோடு போயிருந்தால்கூடப் பெரிய கேடு வந்திருக்காது. ஆனால் ஜம்ஜத்தைச் சாக்கடையில் கொட்ட யாருக்குக் கை வரும்? எங்கள் வீட்டிலும் ஒரு சொட்டுச் சிந்த விடமாட்டார்கள். லாத்தா மிஞ்சியதை அப்படியே விட்டு, குறைந்ததை மட்டும் நிரப்பினார். மாஸ்க்கும் குழாயும் பளபளவென்று இருந்தன. கொட்டாத தொட்டியை எப்படிக் கழுவுவது? இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

முதல் மாதம் காக்கா நன்றாகத் தூங்கினார். பிறகு இருமல் வந்தது. நான்தான் மருந்து கொடுத்தேன். காய்ச்சல் ஏறித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். நுரையீரல் இரண்டிலும் நிமோனியா. டாக்டர் மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். தொட்டியைத் திறந்து விரலால் தடவினார். உள்ளே இளஞ்சிவப்பாக வழுவழுப்பு படிந்திருந்தது. என்ன தண்ணீர் என்று கேட்டார். மெஷினை எடுத்துவரும் வழியில் லாத்தா என்னிடம் சொன்னதை நான் சொன்னேன்.

"எந்தத் தண்ணியா இருந்தாலும் தேங்குனா கிருமி வரும்மா. தினம் கொட்டிடணும்" என்றார். இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார். லாத்தாவுக்கு அது அழவும் விடவில்லை, தேறவும் விடவில்லை.

பத்தாம் நாள் இர்பான் வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, மெஷினை ஒழுங்காகக் கழுவினீங்களா உம்மா என்று கேட்டான். தொட்டியைக் கழுவவில்லை, தப்பு என்மேல்தான் என்றார் லாத்தா. பேட்டரி என்ற பேச்சையே எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் எடுக்கவில்லை. நான் கோழை, வேறென்ன சொல்ல. மறுநாள் காக்கா மூச்சு அடங்கி மௌத்தாகிவிட்டார்.

கணவனை இழந்த லாத்தா வீட்டோடு இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் முடிந்தபிறகு, மன்னிப்புக் கேட்பதற்கென்று எதிர்வீட்டுக்குப் போனேன். மெஷின் அலமாரியில் இருந்தது. மூடிக் கிடந்த தொட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இன்னும் கிடந்தது. நான் வாய் திறப்பதற்குள் லாத்தா அதைக் கழற்றிக் கொல்லைக்கு எடுத்துப்போனார். யார் காலும் படாத மூலையில் நிற்கும் கறிவேப்பிலை மரத்தின் தூரில் ஊற்றினார்.

"தினம் இங்க ஊத்தியிருக்கலாமே தம்பி. மரத்துக்கு ஊத்துனா கொட்டுனதா ஆகாதே. எனக்கு ஏன் அது தோணாமப் போச்சு?"

நான் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அவர் குழாயடியில் உட்கார்ந்து, தொட்டிக்குச் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தார்.